பட்டியலில் இல்லாத தாய்மாமன்

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போய்ச் சண்டை போட்ட வெளிநாட்டுத் தொண்டர்களைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் மதுரையில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "அப்படியா மேடம்" என்று கேட்டுவிட்டு, மகள் என்ன படிக்கிறாள் என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். என் கணவர் மட்டும்தான் நேராகக் கேட்டார். விளாங்குடியில் குழாய்த் தண்ணீர் எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்று எழுதினால் தெருவே படிக்கும், ஸ்பெயினில் யார் எந்த மலையைப் பிடித்தால் யாருக்கு என்ன என்றார். நான் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்தால் எழுத்து நன்றாக ஓடும். அன்றைக்கு அரை அத்தியாயம் முடிந்தது.

ஒன்பது வருடமாக எழுதுகிறேன். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். எங்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி. முன்னோர்கள் குஜராத் பக்கத்திலிருந்து நெசவோடு நடந்து வந்து மதுரையில் உட்கார்ந்தவர்கள். எத்தனையோ தலைமுறை ஆன பிறகும், ரேஷன் கடை வரிசையில் நானும் என் நாத்தனாரும் பேசிக்கொண்டால் பின்னால் நிற்பவர், "உங்க பாஷையில எங்களைத்தான திட்டுறீங்க" என்று கேட்பார். பல நேரம் உண்மையும் அதுதான். அதனால் வெளியூர்க்காரன், வெளிநாட்டான் என்ற சொற்களின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். தன் வீட்டுச் சண்டையே தீராதபோது ஒருவன் அடுத்தவன் நாட்டுச் சண்டைக்கு ஏன் போகிறான், போனவன் அங்கே என்ன ஆகிறான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

வீரக் கதை எழுத எனக்கு வராது. நான் எழுதுவது ராணுவ வரலாறு. மலையை எந்த வழியாக நடந்து கடந்தார்கள், எந்தத் துப்பாக்கி எந்த மழையில் அடைத்துக்கொண்டது, துப்பாக்கி வந்து சேரும் வரை கம்பை வைத்துக்கொண்டு எப்படிப் பயிற்சி எடுத்தார்கள், ஒரு ஆலிவ் தோப்புக்காக எத்தனை பேர் விழுந்தார்கள். இதையெல்லாம் பட்டியல்களிலிருந்து எடுப்பேன். யாராவது "எங்க தாத்தா சொல்லுவாரு" என்று ஆரம்பித்தால் எனக்குப் பொறுமை போய்விடும். எழுதி வைத்தது எங்கே என்று கேட்பேன்.

இந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு வாசகர் இருந்தார். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். மேற்கே உசிலம்பட்டி ரோட்டில் உள்ள கிராமத்தில் விவசாயக் குடும்பம். கணவர் இறந்த பிறகு இங்கே கடை போட்டு மகனை டிப்ளமோ படிக்கவைத்தார். என் அத்தியாயங்களை அவர் கடையில்தான் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போடுவேன். மெஷின் கக்கும் தாளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்போதே படித்துவிடுவார். ஒருநாள், போன அத்தியாயத்தில் அந்த மலையைப் பிடித்தார்கள் என்று இருந்தது, இதில் விட்டுவிட்டார்கள் என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டார். இரண்டும் சரி, பிடித்து நாலு நாளில் விட்டுவிட்டார்கள் என்றேன். அதற்கு ஏன் இத்தனை பேர் சாக வேண்டும் என்று கேட்டுவிட்டு ஸ்பைரலைத் திருகினார். என் துறையில் யாரும் அவ்வளவு கூர்மையாகக் கேட்டதில்லை.

பட்டியல்களைப் பற்றிய அத்தியாயத்தை அவர் கடையில் கொடுத்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அந்த அத்தியாயத்தில் நான் சொன்ன விஷயம் இதுதான். வெளிநாட்டிலிருந்து போன தொண்டர்கள் பலர் பொய்ப் பெயரில் போனார்கள். சொந்த ஊரில் போலீஸ் தேடும், வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அதனால் இறந்தவர் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. ஒரு பெயருக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருக்கலாம். இதை நானே கைப்பட எழுதினேன், இரண்டு முறை பிழை திருத்தினேன்.

அக்கா தாளை அடுக்காமல் நின்றுகொண்டே படித்தார். மெஷின் தாள் தீர்ந்து கத்தியது. அவர் கவனிக்கவில்லை.

"மேடம், நம்ம பக்கத்துல இருந்து இலங்கைச் சண்டைக்குப் போனவங்க பேரும் இப்படி எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பாங்களா?" என்று கேட்டார்.

அவருக்கு ஒரே அண்ணன். மதுரையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இருபது வயதில், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்போது அக்காவுக்குப் பதினைந்து வயது. பஸ் ஏறும்போது தங்கையைக் கிண்டல் பண்ணினாராம், உன் பிள்ளைக்குக் காது குத்துறப்போ வந்து மடியில் வைத்துக்கொள்கிறேன், அதுவரை அழாமல் இரு என்று. மூன்று வாரம் கழித்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கடல் தாண்டிப் போகிறேன், அங்கே நம் ஆட்கள் சாகிறார்கள், தேட வேண்டாம் என்று நாலு வரி. அதோடு சரி. அந்தச் சண்டை அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் நடந்து முடிந்தது. ஆள் வரவில்லை, செய்தியும் வரவில்லை.

அக்காவின் மகனுக்கு இருபத்தேழு வயது. இன்னும் காது குத்தவில்லை.

இதை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பையனை எனக்குத் தெரியும், மீசையும் புல்லட்டுமாக வந்து கடையில் டோனர் மாற்றிவிட்டுப் போவான். அக்கா சிரிக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் குழந்தைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். தாய்மாமன் இல்லையென்றால் பங்காளி முறையில் இன்னொரு அண்ணன் உட்காரலாம். ஆனால் அது தாய்மாமன் இறந்திருந்தால் மட்டும். உயிரோடு இருக்கிறவன் மடியை விட்டு இன்னொருவன் மடியில் உட்காரவைத்தால், அவன் செத்துவிட்டான் என்று ஊரறியச் சொல்வதாகும். அக்கா அதைச் சொல்ல மறுத்தார். மாமியார் வீட்டில் ஏச்சு, பள்ளிக்கூடத்தில் பையனுக்குக் கேலி, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இருபத்தேழு வருடம் மறுத்தார்.

இப்போது தை மாதத்தில் கல்யாணம். பெண் வீட்டார் நல்லவர்கள், ஆனால் காது குத்தாத மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துத் தர மாட்டோம் என்றார்கள். அக்காவுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அண்ணன் இருக்கிறானா, இல்லையா.

நான் தேடிச் சொல்கிறேன் என்றேன். இரக்கத்தால் மட்டும் சொல்லவில்லை, திமிரும் இருந்தது. எங்கோ ஒரு குளிர்நாட்டுச் சுரங்கத் தொழிலாளி எந்தத் தோப்பில் விழுந்தான் என்று கண்டுபிடித்தவளுக்கு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் போனவனைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்று நினைத்தேன். அன்றே இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தேன். எந்த முகாம், எந்த ஆண்டு, யார் பயிற்சி, என்ன ஆயுதம். அதை நிரப்பத்தான் ஆள் வேண்டும்.

எங்கள் கல்லூரி எலக்ட்ரீசியன் ஒரு துப்பு கொடுத்தார். திருப்பரங்குன்றத்தில் மலைக்குப் பின்பக்கத் தெருவில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் பண்ணும் ஒருவர் அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போய்விட்டு வந்தவர், ஆனால் வாயைத் திறக்க மாட்டார் என்றார். என் வீட்டு மிக்சி அப்போது உண்மையிலேயே கத்திக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

அறுபதை நெருங்கும் மனிதர். இடது காது கேட்காது, வலப்பக்கம் வந்து உட்காரச் சொன்னார். மிக்சியைக் கழற்றினார். நான் படிவத்தை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் ஷட்டர் மாதிரி இறங்கிவிட்டது. அதெல்லாம் பேசுவதற்கில்லை என்று சொல்லிவிட்டு கார்பன் பிரஷ்ஷை மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது வாரம் போனேன், மிக்சியின் வயரை நானே பிடுங்கிவிட்டு. அவர் வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயரை ஒட்டி சால்டர் வைத்தார். மூன்றாவது முறை அக்காவின் அண்ணன் போட்டோவைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். பட்டறை வாசலில் எடுத்தது, அகலக் காலர் சட்டை, பக்கவாட்டில் வாரிய தலை. இவரைத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். போட்டோவைத் தொடவில்லை. "தெரியாது மேடம்" என்றார்.

நான் நோட்டில் 'தகவல் இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு மனிதன் பத்து நிமிடம் கையைத் துடைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதியது அது.

பிறகு எனக்குப் பழக்கமான வழிக்குப் போனேன். வெளிநாடுகளில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள் சிலரோடு என் புத்தகத்தின் பொருட்டுக் கடிதப் பழக்கம் உண்டு. அவர்களில் ஒருவர், எப்போதோ அச்சிட்ட இறந்தவர் பட்டியலின் ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினார். அதில் ஒரு வரி. இயக்கப் பெயர் ஒன்று, பிறந்த ஆண்டு, சொந்த ஊர் மதுரை, ஒரு சண்டையில் இறந்தது, அதன் தேதி. பிறந்த ஆண்டு அக்காவின் அண்ணனுக்குப் பொருந்தியது. மதுரையிலிருந்து போனவர் அந்தப் பக்கங்களில் வேறு யாரும் இல்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. கண்டுபிடித்த சந்தோஷம். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அக்காவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. பட்டியலை வாங்கி அந்த வரியை விரலால் தடவினார். நிச்சயமாகத் தெரியுமா என்று ஒருமுறை கேட்டார். எழுதி வைத்திருக்கிறார்கள் அக்கா என்றேன். கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பாதி பிரிண்ட் ஆன ஒரு மாணவியின் ரெக்கார்டைக்கூட அப்படியே மெஷினில் விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் கருமாதி. மதுரையில் ஒரு சாவு சாவாவதே சுவரொட்டி ஒட்டிய பிறகுதான். மகனின் நண்பர்கள் கண்ணீர் அஞ்சலி அடித்தார்கள். நடுவில் அண்ணனின் பட்டறைப் போட்டோ, பின்னால் கடல், படகு, எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய ஒரு புலி. 'களத்தில் வீழ்ந்த மாவீரர்' என்று மேலே. போட்டோவுக்குக் கீழே இயக்கப் பெயர். ஒற்றெழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தது நான்தான். புலியை மட்டும் எடுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. உசிலம்பட்டியிலிருந்து திருப்பரங்குன்றம் வரை ஒட்டினார்கள். மகன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். காதுகுத்துக்கு நாள் பார்த்தார்கள், பங்காளி முறையில் ஒரு அண்ணன் மாமனாக உட்கார ஒப்புக்கொண்டார்.

கருமாதி முடிந்த மூன்றாவது நாள் மதியம் கல்லூரி வாட்ச்மேன் வந்து யாரோ தேடுகிறார்கள் என்றார். கேட் பக்கத்தில் வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் மிக்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். சுவரொட்டி. பசையோடு உரித்தது, ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. அவர் கடைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்தார்களாம். ஷட்டரைத் தூக்கினால் அதுதான் முகத்தில் முழிக்கிறது என்றார்.

போட்டோவுக்குக் கீழே இருந்த பெயரில் விரலை வைத்தார். "இந்தப் பேரு இவனோடது இல்ல மேடம். என்னோடது. அங்க பட்டியல்ல செத்ததா எழுதியிருக்கிற ஆளு நான்தான்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு பெயருக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியவள், அந்த ஆளிடமே மூன்று முறை மிக்சி ரிப்பேர் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெல் விழுந்து காது போய், நினைவில்லாமல் கிடந்தவரை யாரோ மீனவர்கள் படகில் இந்தக் கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அங்கே அவரைச் செத்தவர் வரிசையில் எழுதிவிட்டார்கள். அவரும் திருத்தப் போகவில்லை. செத்தவனை எந்தப் போலீஸும் தேடாது, எந்தத் தோழனும் திரும்ப வா என்று கூப்பிட மாட்டான். பழைய பெயருக்குத் திரும்பி, மிக்சி மோட்டார் சுற்றக் கற்றுக்கொண்டார்.

அப்படியானால் போட்டோவில் இருப்பவர் எங்கே என்று கேட்டேன். உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஆமாம், பயந்தேன். கருமாதி முடிந்திருந்தது.

அவர்கள் இருவரும் ஒரே லேத் பட்டறை. போகலாம் என்று முதலில் சொன்னது இவர். தயங்கியவரை ஒரு வாரம் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்ததும் இவர். கடல் தாண்டி, காட்டுக்குள் ஒரு முகாம். இன்னும் துப்பாக்கி கொடுக்கவில்லை, கம்பை வைத்துத்தான் பயிற்சி. புதிதாக வந்தவர்களுக்குப் பெயர் வைப்பது பயிற்சி முடிந்த பிறகு. மூன்றாவது மாதம் முகாமில் மலேரியா. ஒரு குண்டுகூடச் சுடாமல், ஒரு சண்டையைக்கூடப் பார்க்காமல் அண்ணன் அதில் போய்விட்டார். பெயர் வைக்காத ஆளை எந்தப் பட்டியலில் எழுதுவார்கள்? குழி தோண்டியது இவர்.

சொல்லப்போனால் என் முடிவு சரிதான், அதற்கு நான் காட்டிய ஆதாரம்தான் தவறு. ஆள் இறந்தது உண்மை, கருமாதி வீண் போகவில்லை, கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான், சுவரொட்டி அடுத்த மழையில் ஊறி விழுந்துவிடும். இப்படியே விட்டால் யாருக்கு நஷ்டம் என்று என் மனம் சாமர்த்தியமாகக் கேட்டது. அவரும் அதையே வேறு மாதிரி கேட்டார். நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

"நான் ஒரு தடவை சொல்லிக் கெடுத்தது போதும் அண்ணே. குழி தோண்டுனது நீங்க. நீங்க வந்து சொல்லுங்க" என்றேன்.

கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். அதைக் கடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. திருமங்கலம் பஸ் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது, ரோடு காலியானபோதும் அவர் நின்றார். நான் இழுக்கவில்லை, நகரவும் இல்லை. கடைசியில் அவரே காலை எடுத்து வைத்தார்.

அக்கா மெஷினை நிறுத்தாமல் கேட்டார். அவர் சொல்லி முடித்ததும், கையிலிருந்த ரெக்கார்டுக்கு ஸ்பைரலைத் திருகி, முனையை மடக்கி, காத்திருந்த மாணவியிடம் கொடுத்து அனுப்பினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"தலையை எந்தப் பக்கம் வச்சுப் படுக்க வச்சீக?" என்று கேட்டார்.

"தெக்கதான்மா."

"கடைசியா என்ன சொன்னான்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஊருக்குப் போயிருவோம் மாப்ளன்னு ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே கிடந்தான். காய்ச்சல் விடட்டும்டா போவோம்னேன். சும்மா சொன்னேன்மா. போற வழி எனக்கே தெரியாது."

அப்போதுதான் அக்கா அழுதார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கட்டிவைத்த அழுகை. பட்டியலைக் கொடுத்தபோது வராத கண்ணீர், காய்ச்சலில் கிடந்தவன் ஊருக்குப் போவோம் என்று கேட்டதற்கு வந்தது. நானும் அழுதேன், மறைக்கவில்லை. மிக்சிக்காரர் எழுந்து போகப் பார்த்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரை நிறுத்தினார்.

"கூட்டிட்டுப் போனது நீங்கதான?"

"ஆமாம்மா."

"அப்ப அவன் வர வேண்டிய இடத்துக்கு நீங்க வாங்க. என் மகன் காதுகுத்துக்கு மாமனா வந்து உக்காருங்க."

அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். நான் உங்கள் வகையறா இல்லை, பங்காளி இல்லை, உங்கள் சனம் ஒத்துக்கொள்ளாது என்றார்.

"சண்டைக்குக் கூட்டிட்டுப் போறப்ப வகையறா பாத்தீகளா?" என்றார் அக்கா. அவர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

அந்த ஒரு மாதம் அக்கா எல்லோரோடும் மல்லுக்கு நின்றார். மாமனாக உட்கார ஒப்புக்கொண்டிருந்த அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டார். பெரியவர்கள் கூடிப் பேசி, வேற்று ஆள் மடியில் குத்தினால் நாங்கள் வர மாட்டோம் என்றார்கள். வராவிட்டால் பிரியாணி மிஞ்சும், அவ்வளவுதான் என்று அக்கா சொல்லியனுப்பினார். மகனுக்குத்தான் அதிகம் வலித்தது. களத்தில் விழுந்த மாமன் காய்ச்சலில் போன மாமனாகிவிட்டார், நண்பர்களிடம் என்ன சொல்வது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். அக்கா அவன் புல்லட்டின் பின்னால் ஏறி அவனோடு போய், அகப்பட்ட இடத்தில் எல்லாம் அந்தச் சுவரொட்டியைச் சுரண்டி எடுத்தார். பொய்யை ஒட்டிவைத்து மாமனைக் கும்பிட வேண்டாம் என்றாராம்.

நானும் என் வேலையைச் செய்தேன். பட்டியல்களைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்து முதலிலிருந்து திரும்ப எழுதினேன். ஸ்பெயினிலும் முகாமிலேயே டைஃபாய்டில் போனவர்கள், மலையேறும்போது வழுக்கி விழுந்தவர்கள், பெயர் பதியும் மேசைக்கு வந்து சேராதவர்கள் இருந்திருப்பார்கள். ஒன்பது வருடத்தில் அவர்களுக்கு நான் ஒரு பத்தி ஒதுக்கவில்லை. ராணுவ வரலாறு என்றால் சண்டை தொடங்கிய நாளிலிருந்துதான் என்று நினைத்திருந்தேன். பதிப்பாளருக்குக் கொடுத்த கெடு தாண்டிவிட்டது, அவர் சத்தம் போட்டார், போடட்டும் என்று விட்டுவிட்டேன். இருபத்திரண்டு கேள்விப் படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

காதுகுத்து அவர்கள் குலசாமி கோயிலில், கரிசல் காட்டுக்கு நடுவே, காலையில். வர மாட்டோம் என்றவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மிக்சிக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் தாம்பாளத்தோடு, வேப்பமரத்தோரம் ஒதுங்கி நின்றார். தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, மாலை, ஒரு ஜோடி கடுக்கன். அக்கா போய்க் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து பாயில் உட்காரவைத்தார்.

இருபத்தேழு வயது ஆளை மடியில் எப்படி வைப்பது? பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளை வெட்கத்தில் சிவந்துபோய், கடைசியில் பாயில் அவருக்கு முன்னால் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து தலையை அவர் மடியில் வைத்தான். அவர் இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டார்.

ஆசாரி ஊசியோடு இடப்பக்கம் வந்து குந்தினார். வழக்கப்படி கேட்டார், "தாய்மாமன் யாருப்பா?"

பதில் இல்லை. முன்வரிசையில் ஒரு சலசலப்பு. முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்த அந்த அண்ணன் பாதி எழுந்துவிட்டார். மிக்சிக்காரருக்கு இடது காது கேட்காது என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தார். நகம் பதிந்தது. அவருக்காக யாரும் பதில் சொல்லக் கூடாது என்று பிடித்த பிடி அது.

ஆசாரி ஒன்றும் புரியாமல் எழுந்து, சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, இன்னொரு முறை கேட்டார்.

மிக்சிக்காரர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

"குத்துங்க" என்றார் அக்கா.